அனலைதீவுப் படகும் எங்கள் சபைக் கிணறும்

அனலைதீவிலிருந்து திரும்பிய அந்தப் படகில் எனக்கு ஏதாவது நடந்ததா, நடக்கவில்லையா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. முப்பத்திரண்டு வயதாகிறது. பன்னிரண்டு வயதை எட்டப்போகும் ஒரு மகளுக்குத் தாய். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். எது நடந்தது, எது நடந்ததாகச் சொல்லப்படுகிறது என்று பிரித்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்குவது என் வேலை. என் சொந்தக் கதையில் அதைச் செய்ய முடியாமல் இருக்கிறேன்.

நடந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. அப்படிச் சொன்னதால் எனக்குக் கிடைத்ததையும், அப்படிச் சொல்லாததால் இன்னொருத்தி இழந்ததையும் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு வேலணைத் தீவில், மண்கும்பானுக்குப் போகும் வழியில் இருக்கிறது. சுற்றிவரச் சைவக் குடும்பங்கள். நடுவில் முப்பது வேதக்காரக் குடும்பங்கள், ஒரு சின்ன ஆலயம், இறந்தவர்களை அடக்கம் பண்ணும் சேமக்காலை, ஒரு பாலர் பள்ளி, ஒரு கிணறு. பெரிய பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்த பிறகு சபைக்கென்று மிஞ்சியவை இவைதாம். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உவர்த் தண்ணீர் வரும். சபைக் கிணற்றில் நல்ல தண்ணீர். அதில் தேத்தண்ணீர் போட்டால் தேயிலை மணக்கும். மற்றக் கிணற்றுத் தண்ணீரில் போட்டால் உப்புத்தான் முதலில் நாக்கில் படும்.

எங்கள் பூட்டன்மாருக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க மிஷனரிமார். அவர்கள் விட்டுப்போன ஒரு வழக்கத்தை, மற்றச் சபைகள் எப்போதோ கைவிட்ட பிறகும், எங்கள் சின்னச் சபை பிடித்துக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் மர வாங்கில் உட்கார்ந்து பாட்டுப் பாடலாம், பிரசங்கம் கேட்கலாம். திருவிருந்து எடுப்பதென்றால், கூட்டத்தில் கை உயர்த்துவதென்றால், உடன்படிக்கைப் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டும். பெயர் எழுதப்படுவதற்குச் சாட்சி சொல்ல வேண்டும். எந்த நாளில், எந்த இடத்தில் கடவுள் உன்னைத் தொட்டார், உன் நெஞ்சு எப்படி உடைந்தது, பிறகு எப்படிச் சமாதானம் வந்தது என்று எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். கேட்டு முடித்துச் சபை கை உயர்த்தும். அப்படி ஒருவராவது பெயர் எழுதப்பட்ட வீட்டுக்குத்தான் கிணற்றில் முறை. சேமக்காலையில் யாருக்கு எந்த மூலை, பாலர் பள்ளியில் யார் படிப்பிப்பது எல்லாவற்றையும் அந்தக் கைகளே தீர்மானித்தன. கிராமச் சபைத் தேர்தல் ஒரு பக்கம் நடக்கும். எங்களை ஆண்டது இந்தப் புத்தகம்.

என் அப்பா சபை மூப்பர். மூப்பரின் மகளுக்கு ஒன்றும் நடக்காமல் இருக்க முடியுமா? பன்னிரண்டு வயதிலிருந்து நான் காத்திருந்தேன். முழங்காலில் நின்று செபம் செய்யும்போது நெஞ்சு உடைகிறதா என்று கவனித்துப் பார்ப்பேன். முழங்கால்தான் நொந்தது. சாட்சிக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னர், பாட்டுக் குழுவாக ஊர்காவற்றுறையிலிருந்து படகெடுத்து அனலைதீவுக்குப் போனோம். திரும்பி வரும்போது காற்று. வயிற்றைப் பிரட்டி ஆளாளுக்குச் சத்தி. நானும் எடுத்தேன். எல்லாம் வெளியே போன பிறகு, படகின் விளிம்பில் நாடியை வைத்துத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு கணம், இந்தத் தண்ணீருக்குள் போனாலும் பரவாயில்லை, ஒன்றும் ஆகாது என்பது போல ஒன்று. அவ்வளவுதான். அது என்ன? களைப்பா? வயிறு வெறுமையானதால் வந்த சுகமா? அன்று அதை நான் பெரிதாக எடுக்கவுமில்லை.

நாள் நெருங்கியதும் குசினி மேசையில் இருந்து பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதினேன். படகு தாழப் பார்த்தது என்று எழுதினேன். எல்லோரும் கத்தினார்கள், நான் மட்டும் கண்ணை மூடிச் செபித்தேன், என் பாவமெல்லாம் கண் முன்னால் வந்தது, பிறகு ஒரு கை என்னைத் தாங்கியது என்று எழுதினேன். கை என்ற சொல்லை எழுதிவிட்டு, வெட்டிவிட்டு, திரும்பவும் எழுதியது ஞாபகம் இருக்கிறது. அப்பா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கைகளும் உயர்ந்தன. அன்று முதல் நான் உடன்படிக்கைக்காரி.

பத்தொன்பதில் கல்யாணம். கணவர் ஊர்காவற்றுறையில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். மகள் பிறந்தாள். படிப்பிக்கத் தொடங்கி, வெளிவாரியாகப் பட்டப் பரீட்சைக்கும் படித்தேன். வரலாற்றில் ஒரு பகுதி அமெரிக்கக் குடியேற்றங்கள். விரிவுரைக் குறிப்பில் அவர்களைத் தூய்மைவாதிகள் என்று போட்டிருந்தது. இரவல் வாங்கிய ஆங்கிலப் புத்தகத்தில் பியூரிட்டன்கள்.

மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே அந்தப் புத்தகத்தை வாசித்தேன். கடல் கடந்து போய் ஒரு குளிர் நாட்டில் இறங்கிய அந்த மனிதர்கள், கடவுளோடு ஊராகச் சேர்ந்து உடன்படிக்கை செய்ததாக நம்பினார்கள். ஒருவர் பிழை விட்டால் மழை பொய்ப்பதும் நோய் வருவதும் முழு ஊருக்கும். ஆகையால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கவனித்தார்கள். தங்கள் ஆட்சியாளரைத் தாங்களே தெரிவு செய்தார்கள். சட்டங்களை எழுதி வைத்தார்கள். பிள்ளைகள் வேதம் வாசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் வைத்தார்கள். போதகர் அரச பதவியில் இருக்கக் கூடாது என்றும் வைத்திருந்தார்கள். ஆனால் ஆட்சியாளரைத் தெரிவு செய்யும் உரிமை சபையின் முழு உறுப்பினருக்குத்தான். முழு உறுப்பினராவதற்கு, கிருபை தன்னிடம் வந்த கதையைச் சபையின் முன் சொல்லி ஏற்கப்பட வேண்டும். மற்றவர்கள் ஆலயத்துக்கு வரவேண்டும், சட்டத்துக்கு அடங்க வேண்டும், கை மட்டும் கிடையாது. மறுத்துப் பேசியவர்களை ஊரைவிட்டே அனுப்பினார்கள்.

சோற்றுக் கையோடு நான் அப்படியே இருந்துவிட்டேன். மகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள். இது எங்கள் சபை அல்லவா? எங்கள் மிஷனரிமாரும் அந்த நாட்டின் அதே பக்கத்திலிருந்து, அவர்கள் வழிவந்த சபைகளிலிருந்து வந்தவர்கள்தாமே.

கணவரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே சிரித்தார்.

"அப்ப உம்மடை அப்பா அந்தக் காலத்திலை இருந்திருந்தால் கவர்னராய் வந்திருப்பார்."

"பகிடி விடாதேங்கோ. அங்கை பொம்பிளையளுக்குக் கை இல்லை. இஞ்சை இருக்கு."

"அந்தமட்டிலை நாங்கள் முன்னேறிட்டம். படியும், படியும். சோதினைக்கு வரும்."

இப்போது நினைக்கிறேன், எனக்கும் கை இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு நல்லது.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் இருந்தது. பிள்ளைகள் காலத்திலும் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சாட்சி சொல்ல ஆள் குறைந்துவிட்டது. நல்லவர்கள், ஒழுங்கானவர்கள், ஆனால் எங்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னார்கள். அவர்களுக்காக ஒரு பாதி வழி கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் திருவிருந்தும் கையும் இல்லை. நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். எத்தனை பேர் துணிந்து நடக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் சபையில் ஒருவரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு ஒருத்தி சொன்னாள்.

அவள் எங்கள் பின்வேலிக்கு அடுத்த வளவு. என்னைவிட இரண்டு வயது இளையவள். புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு சைவக் குடும்பத்தில் பிறந்து, எங்கள் சபைப் பெடியன் ஒருவரை விரும்பி, கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்து வந்தவள். இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் என் மகளோடு ஒரே வயது. உடன்படிக்கைப் புத்தகத்தில் கணவரின் பெயர் இருந்ததால் அவர்கள் வீட்டுக்கும் கிணற்று முறை இருந்தது. அவர் ஒரு காய்ச்சலில் பத்தே நாளில் போய்விட்டார். ஒரு வருடம் சபை பொறுத்தது. அடுத்த வருடம் மழை பிந்தியது. கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க, வீட்டுக்கு நான்கு குடம் மூன்றானது, மூன்று இரண்டானது. அப்போதுதான், புத்தகத்தில் பெயர் இல்லாத வீட்டுக்கு எப்படி முறை என்று கேள்வி வந்தது. அவள் சாட்சி சொல்லிச் சேரலாம், அது நியாயம்தானே என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. எல்லோரும் ஏறின படியில் அவளும் ஏறலாம் என்றுதான் நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து அவள், வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு இருந்த பொட்டால் வந்தாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, உந்தச் சாட்சியிலை என்ன சொல்லவேணும்?"

"உமக்கு நடந்ததைச் சொல்லும்."

"எனக்கு என்ன நடந்தது? அவரைக் கண்டனான், வந்தனான். அவர் போயிட்டார். இப்ப ரெண்டு பொம்பிளைப் பிள்ளையளோடை நிக்கிறன். இதையே சொல்லுறது?"

"அப்பிடி இல்லை. கடவுள் உம்மைத் தொட்ட நாள்…"

"உங்களை எங்கை தொட்டவர்?"

சுளகை நிறுத்தினேன். அவள் கேலியாகக் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படகுக் கதையைச் சொன்னேன். படகு தாழப் பார்த்ததையும், கத்தினதையும், கையையும். எனக்கு அது பாடமாகியிருந்தது. அவள் கடைசிவரை கேட்டாள்.

"மெய்யாய்த்தான் நடந்ததோ அக்கா?"

"ஓம்."

"அப்ப எனக்கு என்ன வழி?"

அந்த இடத்தில் நான் வேறு ஒன்று சொல்லியிருக்கலாம். புருசனைக் கண்டது, அவர் செத்த அன்று பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது, அதில் எங்கேயாவது ஒரு கையைச் சேர்த்துக்கொள்ளும், எல்லாரும் அப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நானும் அப்படித்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வரும். நான் ஆசிரியை. மூப்பரின் மகள்.

"உள்ளதைச் சொல்லும். உண்மையைச் சொன்னால் போதும்," என்றேன்.

அவள் சிந்திக் கிடந்த அரிசியைப் பொறுக்கிச் சுளகில் போட்டாள். பிறகு, "சரி அக்கா," என்று போனாள்.

அந்தக் கிழமை எனக்கு யாழ்ப்பாணத்தில் பரீட்சை. பஸ்ஸில் பண்ணைக் கடலைத் தாண்டும்போது மடியில் குறிப்புகள் பறந்தன. வினாத்தாளில் அந்தக் கேள்வி வந்திருந்தது. தூய்மைவாதிகளின் சமய நம்பிக்கை குடியேற்றங்களின் தொடக்ககால ஆட்சியை எவ்வாறு பாதித்தது? கை வலிக்க வலிக்க எழுதினேன். தெரிவு செய்யப்பட்ட ஆட்சி, எழுதிய சட்டம், கல்வி, எல்லாவற்றையும் நியாயமாக எழுதினேன். கடைசியில் குறிப்பில் இல்லாத ஒன்றைச் சொந்தமாக எழுதினேன். மனத்துக்குள் நடந்ததற்குச் சாட்சி கேட்டு அதற்குப் பதிலாக உரிமை கொடுத்தால், உண்மை பேசுகிறவர் வெளியே நிற்பார், பொய் சொல்லத் தெரிந்தவர் உள்ளே இருப்பார் என்று எழுதினேன். எழுதிவிட்டு அதை நானே மெச்சினேன். திரும்பி வரும்போது மகளுக்கு ஒரு ரிப்பன் வாங்கினேன்.

அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாட்சி.

வெள்ளைச் சேலை உடுத்தி வந்திருந்தாள். பிள்ளைகள் முன் வாங்கில். போதகர் மாதத்துக்கு ஒரு முறை வெளியிலிருந்து வருகிறவர், சாந்தமான மனிதர். "பயப்படாமல் சொல்லுங்கோ பிள்ளை," என்றார்.

அவள் சொன்னது முழுவதும் எனக்கு மனப்பாடம். என்னுடையதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"எனக்கு அப்பிடி ஒரு நாளும் ஒண்டும் நடக்கேல்லை. நான் அவரோடை வாழவெண்டு வந்தனான். ஞாயிறிலை ஞாயிறிலை வந்து பாட்டுப் படிக்கிறனான், பாட்டு எனக்குப் பிடிக்கும். பிள்ளையளுக்குப் பொய் சொல்லிக் குடுக்கேல்லை. ஒருத்தரின்ரையும் எடுக்கேல்லை. இப்ப இதிலை நிக்கிறது தண்ணிக்கு. வேறை ஒண்டும் இல்லை."

யாரோ ஓர் ஆண் சிரித்தார்.  எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா, சபையில் எல்லோரும் பயப்படுகிறவர், முணுமுணுக்கிற மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"பொய்யாய் ஒருத்தரைச் சேத்தால் இருக்கிற கிணறும் வத்திப்போம். இப்பவே ஆர் செய்த பாவமோ தெரியேல்லை, மழையைக் காணேல்லை."

 இந்த நம்பிக்கையைப் புத்தகத்தில் வாசித்து, விளக்கி, விமர்சித்து எழுதி இரண்டு நாள். அந்த வாங்கில் இருந்தபோது எனக்கு வந்த எண்ணம் ஒன்றுதான். பொய்யாய்ச் சேர்ந்தவள் நான். கிணற்றை வற்றவைத்தவள் நான்.

போதகர், ஏற்கிறவர்கள் கை உயர்த்தும்படி கேட்டார். ஆறோ ஏழோ கைகள். என் கணவருடைய கை அதில் ஒன்று. அவர் ஒரு யோசனையும் இல்லாமல் உயர்த்தினார். நான் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே நிற்கிறவளுக்குக் கை உயர்த்தினால் என்ன கேட்பார்கள்? அவ்வளவு பெரிய சாட்சி சொன்ன உனக்கு, ஒன்றும் நடக்காதவள் எப்படிச் சமம் என்று கேட்கமாட்டார்களா? ஏற்காதவர்கள் என்றார் போதகர். பக்கத்து அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கை உயர்த்தினேன்.

என் கை இல்லாவிட்டாலும் முடிவு அதுவாகவே இருந்திருக்கும். இதைப் பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணற்றுப் படலையில் தொங்கும் முறைப் பட்டியலை மாதா மாதம் எழுதுவது நான். என் எழுத்து வடிவு என்று அப்பா ஒப்படைத்த வேலை. அந்த மாதமும் எழுதினேன். எங்கள் வீட்டுக்கு அடுத்த வரியாக அவள் வீடு இருக்கும். அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டை ஏற்றினேன். இடைவெளி தெரியவில்லை.

வீட்டில் கணவர் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் கேட்டார்.

"நீர் ஏன் கையைத் தூக்கினனீர்?"

"தெரியேல்லை."

"சோதினையிலை அது வந்தால் என்ன எழுதுவீர்?"

அவருக்கு நான் பரீட்சையில் எழுதியது தெரியாது. ஆனாலும் கேட்டார்.

அவள் தூரத்து உவர்க் கிணற்றுக்கு நடந்தாள். மூத்த மகள் பின்னால் ஒரு சின்ன வாளியோடு போவாள். நான் எங்கள் பங்கிலிருந்து ஒரு குடத்தை வேலிப் பொட்டால் கொடுத்தேன். வெளியே கொடுக்கக் கூடாது என்பது சபை விதி. நான்கு நாள் வாங்கினாள். ஐந்தாம் நாள் வெறுங்குடத்தைக் கழுவிக்கொண்டு வந்து தந்தாள்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்? ஆருக்கும் தெரியாது."

"அதுதான். பிள்ளையள் ஒளிச்சுக் குடிக்கப் பழகுதுகள். ஆரும் வந்தால் கோப்பையைப் பின்னாலை மறைக்குதுகள். உவர் எண்டாலும் முன்னாலை வைச்சுக் குடிக்கட்டும்."

அடுத்த மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு பிள்ளைகளோடு மடத்துவெளிக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் போன கிழமையே மழை தொடங்கியது. ஐப்பசியில் மழை பெய்வது உலக வழமை. ஆனால் அந்த ஞாயிறு நன்றிச் செபத்தில் எங்கள் ஆட்களின் முகங்களைப் பார்த்தபோது, அவர்கள் என்ன கணக்குப் போட்டிருக்கிறார்கள் என்று விளங்கியது. கிணறு நிறைந்து முட்டியது. அன்று பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் கையைப் பிடித்து, "கண்டியே பிள்ளை?" என்றார். நான் தலையாட்டினேன்.

பரீட்சையில் சித்தியடைந்தேன். வரலாற்றில் நல்ல பெறுபேறு.

ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்து, ஒரு சனிக்கிழமை பஸ் எடுத்து மடத்துவெளிக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் போனேன். அவள் முற்றத்தில் பனங்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். எழும்பி வந்து கதிரை போட்டாள். தேத்தண்ணீர் தந்தாள்.

"உப்பாய் இருக்கும். சீனி கூடப் போட்டனான்," என்றாள்.

இரண்டு வாய் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"நான் அண்டைக்குச் சொன்ன படகுக் கதை… அது அப்பிடி நடக்கேல்லை."

அவள் அடுப்புக்குள் ஓலையைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்.

"எனக்குத் தெரியும் அக்கா."

"என்னெண்டு?"

"அந்தப் படகிலை என்ரை அவரும் வந்தவரெல்லே. பாட்டுக் குழுவிலை. ஒருத்தரும் கத்தேல்லையாம், படகு தாழப் பாக்கேல்லையாம். நெடுக அடிக்கிற காத்துத்தானாம். நீங்கள் எடுத்த சத்தி தன்ரை புதுச் சேர்ட்டிலை பட்டதெண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உங்கடை சாட்சிக்கும் கை தூக்கினவர். 'பாவம், வேறை என்னத்தைச் சொல்லுறது அந்தப் பிள்ளை' எண்டவர்."

கோப்பையைக் கீழே வைத்தேன். "பிறகேன் என்னட்டைக் கேட்டனீர்?"

"நீங்கள் சொல்லுவீங்கள் எண்டு பாத்தனான். 'நானும் சும்மாதான் சொன்னனான், நீரும் சொல்லும்' எண்டு ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் நானும் எழும்பி நிண்டு ஒரு படகை விட்டிருப்பன். நீங்கள் உண்மையைச் சொல்லச் சொன்னீங்கள். சரி, அக்கா சொல்லுறா எண்டு சொன்னனான்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு செய்தியைச் சொல்லுவது போலச் சொன்னாள். பிறகு, என் மகள் எப்படிப் படிக்கிறாள் என்று கேட்டாள். தன் மூத்தவள் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டதாகச் சொன்னாள். போகும்போது ஒரு கட்டுப் பனங்கிழங்கு தந்தாள். திரும்பி வா என்று சொல்ல என்னிடம் என்ன இருந்தது? பட்டியலில் இடம் இல்லை என்பது எனக்குத்தானே நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் போகவில்லை. அவளும் வரவில்லை. அவளுடைய வளவில் இப்போது பற்றை. மகள் சின்ன வயதில் அந்த வேலிப் பொட்டால் புகுந்து புகுந்து விளையாடியவள். அதைக் கிடுகு வைத்து அடைத்துவிட்டேன்.

ஒன்று சொல்லுகிறேன். நான் சபைக்கு முன்னால் எழும்பி, என் சாட்சி பொய் என்று சொல்லலாம் என்று எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை நினைத்திருக்கிறேன். எழும்ப முன்னர் இந்தக் கேள்வி வந்துவிடும். முழுப் பொய்யா? படகு தாழவில்லை, சரி. ஒருவரும் கத்தவில்லை, சரி. விளிம்பில் நாடியை வைத்திருந்தபோது வந்த அந்த ஒரு கணம்? அது வந்தது. அல்லது கதையைச் சொல்லிச் சொல்லி, அதுவும் வந்ததாக நினைத்துக்கொள்கிறேனா? அது உண்மையாக இருந்தால், பொய் என்று சொல்லுவதும் ஒரு பொய். இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே கடைசிப் பாட்டு முடிந்துவிடும். இது உண்மையான சந்தேகமா, அல்லது எழும்பாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழியா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அப்பா இப்போது படுக்கையில். அவர் அந்தக் கொப்பியை இன்னும் அலுமாரிக்குள் வேதாகமத்துக்குக் கீழே வைத்திருக்கிறார்.

பன்னிரண்டு வயதானால் சாட்சி சொல்லலாம் என்பது எங்கள் சபை வழக்கம். அடுத்த மாதம் என் மகளுக்குப் பன்னிரண்டு; அந்த மாத ஞாயிறு ஒன்றை அவளுடைய சாட்சிக்குக் குறித்துவிட்டார்கள். போன கிழமை தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"அம்மா, எனக்கு இன்னும் ஒண்டும் நடக்கேல்லை. நடக்காட்டி என்ன செய்யிறது?"

பின்னலை அவிழ்த்துத் திரும்பவும் பின்னத் தொடங்கினேன்.

"தாத்தா சொன்னவர், உங்களுக்குப் படகிலை நடந்ததாம். எப்பிடி இருந்தது? எனக்கு வந்தால் எப்பிடி அம்மா தெரியும்?"

"பேந்து சொல்லுறன்," என்றேன். அவள் தினமும் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன், அந்தப் 'பேந்து', அந்தப் பிறகு, வந்துவிட்டதா என்று என் முகத்தைப் பார்க்கிறாள். முந்தநாள் அவளுடைய மேசையில் ஒரு கொப்பியைக் கண்டேன். முதல் பக்கத்தில், 'ஒரு நாள் மண்கும்பான் கடற்கரையில்' என்று எழுதி வெட்டியிருந்தது. கீழே திரும்பவும் அதையே எழுதியிருந்தது.

கணவர், அவளை விட்டுவிடும், எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறதைத்தானே எழுதுகிறாள் என்கிறார். உண்மையைச் சொல்லச் சொன்னால் என் பிள்ளையையும் அந்த வெள்ளைச் சேலைக்காரி நின்ற இடத்தில் நிறுத்துவேன். பேசாமல் இருந்தால் அவள் என்னைப் போல ஆவாள். என் கதையை அவளிடம் சொன்னால், தாயையும் தாத்தாவையும் ஆலயத்தையும் ஒரே நாளில் அவளிடமிருந்து பறித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. படித்தவள் நான். இதைப் பற்றி நாலு பக்கம் எழுதிச் சித்தியடைந்தவள். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில், ஒரு பிள்ளையிடம் தன் பொய்யைச் சொன்ன தாய் யாராவது இருந்தால், அல்லது தாயிடமிருந்து அப்படி ஒன்றைக் கேட்ட மகள் யாராவது இருந்தால், தயவுசெய்து சொல்லுங்கள். நான் அவளிடம் என்ன சொல்லட்டும்? எந்தச் சொல்லில் தொடங்கட்டும்? இன்னும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.